வீட்டுக் காற்றும் இரைப்பு நோயும்

சங்கத்தில் கடன் பெற்ற குடும்பம் தவணைப்படி அதைச் செலுத்த வேண்டுமாயின் தொழில் மாத்திரம் இருந்தாற் போதாது. தேக சௌக்கியமும் வேண்டும். கூலி ஒழுங்காய்க் கிடைக்கும் வீட்டிலும், ஒருவருக்கு அடிக்கடி மூச்சு முட்டி, இராத் தூக்கம் கெட்டு, மறுநாள் வேலையும் போய், நள்ளிரவில் வண்டி பிடித்து வைத்தியரிடம் ஓடுவதற்காக நகை அடகுக்குப் போகுமாயின், அவ்வீட்டின் வரவு செலவு நேராவது கடினம். இவ்விதம் குடும்பங்களைச் சிறுகச் சிறுகக் கரைக்கும் நோய்களில் ஆஸ்துமா ஒன்றாகும். இதனை இரைப்பு என்றும், இழுப்பு என்றும், ஈளை என்றும், இக்காலத்தில் வீஸிங் என்றும் ஜனங்கள் வழங்குவர். இந்நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால் இதனை அடக்கி வைக்கலாம். அதில் வைத்தியர் செய்யும் பாகம் ஒன்று. வீட்டார் செய்யும் பாகம் ஒன்று. தெருவார் யாவரும் கூடிச் செய்யும் பாகம் ஒன்று. பின்னிரண்டு பாகங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கமாகும்.

பேரணாம்பட்டின் நிலைமை

வேலூர் ஜில்லாவைச் சேர்ந்த பேரணாம்பட்டும் அதன் சுற்றுக் கிராமங்களும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்னும் ஊர்களைப்போலவே தோல் தொழிலால் பிழைப்பவை. முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடப்பட்டது. சென்னை மாகாணத்தில் குரோம் பதனிடும் முறையை 1903-ம் வருஷத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் புகுத்தினார். 1970-களில் அரசாங்கத்தார் பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தி, முடிவுற்ற தோலையும் தோற்சாமான்களையும் ஏற்றுமதி செய்யத் தூண்டினர். அதன்பின் குரோம் உப்பு, சாயம், தெளிக்கும் பூச்சு, ஒட்டுப்பசை ஆகியவை இப்பகுதியில் மிகுந்தன. தோல் தொழிலோடு பீடி சுற்றுதலும் பல வீடுகளில் நடைபெறுகின்றது. செருப்பு, பூட்ஸ் ஆகியவற்றின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் வேலையும் இத்தோல் பிரதேசத்தில் ஸ்திரீகளால் வீட்டிலேயே செய்யப்படுகின்றது. ஆகையால் இவ்வூர்களில் வீடு என்பது உண்டு உறங்கும் இடம் மட்டுமன்று, பட்டறையும் அதுவே. குழந்தை உறங்கும் அறையும் புகையிலைத் தூள் பறக்கும் அறையும் ஒன்றாயிருப்பது பல இடங்களில் காணப்படும். மற்ற ஊர்களுக்கென்று எழுதிய ஆஸ்துமா யோசனைகள் இங்கே முழுதும் போதாமைக்குக் காரணம் இதுவே.

நோயின் தன்மை

மூக்கின் வழியாக உட்செல்லும் காற்று, மரத்தின் கிளைகள்போல் பிரிந்து பிரிந்து சிறுத்துச் செல்லும் மூச்சுக்குழல்களின் வழியே நுரையீரலை அடைகின்றது. ஆஸ்துமா உள்ளவருக்கு இக்குழல்களின் உட்புறம், நோய் வெளித்தோன்றாத நாட்களிலும், சிறிது வீங்கியே இருக்கக்கூடும். அவருக்கு ஒவ்வாத பொருள் ஒன்று மூச்சோடு உட்புகுந்தால் மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. வீக்கம் அதிகரிக்கின்றது, குழல்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, கோழை சுரந்து வழியை அடைக்கின்றது. குறுகிய வழியில் காற்று புகுந்து வெளிவருவதால் மார்பில் சீழ்க்கை போன்ற ஓசை கேட்கின்றது. இரவிலும் விடியற்காலத்திலும் இத்தொல்லை அதிகமாகும்.

இது தொற்று நோயன்று. ஆஸ்துமா உள்ள குழந்தையோடு மற்றக் குழந்தைகள் உண்ணவும் உறங்கவும் விளையாடவும் தடையில்லை. காச நோயும் இதுவும் வேறு. எனினும் இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கோழையைச் சோதித்து, காச நோய் இல்லையென்று உறுதி செய்துகொள்வது அவசியம். அச்சோதனை இலவசமாகவே செய்யப்படுகின்றது.

இந்நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மை பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. அதனை மாற்றுவது வீட்டார் கையில் இல்லை. நோயைக் கிளப்பும் பொருள்களை விலக்குவதோ அவர்கள் கையில் இருக்கின்றது. இப்பொருள்களைத் தூண்டுபொருள்கள் எனலாம். அவை இருவகைப்படும். தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சக்காளான், மிருகங்களின் ரோமம் முதலியவை, அவற்றிற்கு ஒவ்வாத உடம்புள்ளவர்களுக்கு மாத்திரம் தீங்கு செய்வன. விறகுப் புகை, பீடிப் புகை, கொசுவத்திப் புகை, அமோனியா நெடி முதலியவை மூச்சுக்குழலை நேரே உறுத்தி, ஆஸ்துமா உள்ளவர் பெரும்பாலோருக்கும் தீங்கு செய்வன.

நோய்ச் சிட்டா எழுதுதல்

ஒரு வீட்டில் இரைப்பைக் கிளப்பும் பொருள் அடுத்த வீட்டில் கிளப்பாமலிருக்கலாம். ஆகையால் யாரோ சொன்னாரென்று எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்க முயன்று, செலவு தாங்காமல் மறுவாரமே கைவிடுவதிற் பயனில்லை. தன் வீட்டுத் தூண்டுபொருள் யாதென்று முதலில் கண்டுகொள்ள வேண்டும். சங்கத்தில் அன்றாட வரவு செலவைச் சிட்டாவில் எழுதி, பின் பேரேட்டில் ஏற்றிப் பார்த்தாலன்றி நஷ்டம் எங்கே என்பது புலப்படாது. நோயின் விஷயமும் அவ்வாறே.

நான்கு வார காலத்திற்கு ஒரு பள்ளி நோட்டுப் புஸ்தகத்தில் நாள்தோறும் பின்வரும் விவரங்களைக் குறிக்கலாம். இரவில் இருமலோ இரைப்போ உண்டாயிற்றா, எத்தனை மணிக்கு, அன்று அடுப்பில் எரித்தது என்ன, கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி ஏற்றப்பட்டதா, வீடு பெருக்கியது எப்போது, பரணிலிருந்தோ பெட்டியிலிருந்தோ பழந்துணி எடுக்கப்பட்டதா, பீடித்தூள் சலித்தது எங்கே, வேலைக்குச் சென்ற நாளா, விடுமுறை நாளா, மழையா, பனியா, ஜலதோஷம் உண்டா, மருந்து எத்தனை முறை எடுக்கப்பட்டது. எழுதத் தெரியாத வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை எழுதலாம். மாத முடிவில் இரைப்பு வந்த நாட்களை மாத்திரம் தனியே எடுத்துப் பார்த்தால், அவற்றில் அடிக்கடி வரும் காரணம் ஒன்றோ இரண்டோ பெரும்பாலும் வெளிப்படும். அந்நோட்டையே வைத்தியரிடம் காட்டினால் அவருடைய வேலையும் இலகுவாகும்.

இம்முறையின் பயனை ஆராய்ச்சியும் காட்டுகின்றது. தூசிப்பூச்சியை மாத்திரம் குறைக்கும் உபாயங்களைப் பற்றிய 54 பரீட்சைகளை 2008-ம் வருஷத்தில் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, அவ்வொரு காரியத்தால் மட்டும் ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தெளிவான நன்மை காணப்படவில்லை. அமெரிக்காவில் ஏழு நகரங்களில் 937 ஏழைக் குழந்தைகளைக்கொண்டு நடத்தி 2004-ம் வருஷத்தில் வெளியிட்ட பரீட்சையிலோ, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வாத பொருள்கள் எவையென்று முதலிற் கண்டு, தூசி, கரப்பான், புகை ஆகியவற்றில் அக்குழந்தைக்கு வேண்டியவற்றை ஒருங்கே குறைத்தபோது, முதல் வருஷத்தில் உபாதைப்பட்ட நாட்கள் சுமார் மூன்று வாரம் குறைந்தன. ஆகவே காரணத்தைக் கண்டு, அதற்குரியவற்றைச் சேர்த்துச் செய்வதே பலன் தருவது.

அடுப்பும் புகையும்

சிட்டாவில் முதலிற் கவனிக்க வேண்டியது புகை. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2021-ம் வருஷத்தில் வெளியிட்ட விதியின்படி, ஒரு நாட் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் நுண்ணிய துகள் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது. ஜன்னலில்லாத சமையலறையில் ஈர விறகு எரியும்போது இது பல நூறு மைக்ரோகிராமுக்கு ஏறிவிடுகின்றது. அவ்வேளையில் தாயின் இடுப்பிலுள்ள குழந்தையும் அதையே சுவாசிக்கின்றது.

எரிவாயு அடுப்பு உள்ள வீடுகளிலும் சிலிண்டர் தீர்ந்துவிடுமென்று வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகு வைப்பது வழக்கம். ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு அளிக்கும் உஜ்வலா திட்டம் 2016-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி தொடங்கப்பட்டது. எனினும் இணைப்பு இருப்பது வேறு, தினமும் அதில் சமைப்பது வேறு. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் சிலிண்டருக்காகும் செலவை மருந்துச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். விறகையே நம்பியிருப்போர் அடுப்பை வீட்டிற்கு வெளியே தாழ்வாரத்திற்கு மாற்றலாம். உள்ளே இருப்பின் புகைபோக்கி வைத்து, எதிரெதிராக இரண்டு திறப்புகள் விடலாம். விறகை முன்கூட்டியே பிளந்து நன்றாய்க் காயவைத்தல் வேண்டும். அடுப்பு மூட்டும் வேளையிலேயே புகை மிகுதியாகையால், அவ்வேளையில் நோயுள்ள குழந்தை வேறிடத்தில் இருக்கட்டும்.

தோல் கழிவுத் துண்டுகளை அடுப்பிலோ வெந்நீர்க் கொப்பரையின் கீழோ எரித்தல் ஒருபோதும் ஆகாது. குரோம் பதனிட்ட தோலிலுள்ள குரோமியம் சாதாரணமாக அதிக விஷமற்ற வகை. தீயில் எரியும்போது அதில் ஒரு பாகம் மிகக் கொடிய வேறு வகையாக மாறக்கூடும். அவ்வகைக் குரோமியம் புற்றுநோயையும் ஆஸ்துமாவையும் உண்டாக்கவல்லது. துண்டு இலவசமாகக் கிடைக்கின்றதென்று எரிப்பவர் அதன் விலையைத் தம் மூச்சாற் கொடுக்கின்றார். அதன் சாம்பலைப் பாத்திரம் துலக்கவோ தோட்டத்தில் இடவோ கூடாது.

கொசுவத்தியைப் பற்றி அநேகர் நினைப்பதில்லை. மூடிய அறையில் ஒரு கொசுவத்தி எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகளானது 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமமென்று 2003-ம் வருஷத்து ஆராய்ச்சி ஒன்று கண்டது. அதனைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துக் கதவைச் சாத்துவதைவிடக் கொசுவலை கட்டுவதே மேல். வலைக்கு ஒருமுறை செலவு. வத்திக்கோ இரவுதோறும் செலவு. சாம்பிராணியும் ஊதுபத்தியும் வழிபாட்டிற்கு வேண்டுமாயின், நோயுள்ளவர் அறையில் இல்லாத வேளையில், கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து ஏற்றலாம். பீடியும் சிகரெட்டும் வீட்டிற்குள் அறவே கூடாது. திண்ணையில் பிடித்தாலும் புகை உள்ளே வரும். பிடித்தவரின் துணியிலும் தங்கும்.

படுக்கையும் தூசியும்

வீட்டுத் தூசியில் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பூச்சி வாழ்கின்றது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே. மனிதர் உடம்பிலிருந்து உதிரும் தோற்செதில்களே அதன் உணவு. வீட்டுத் தூசி இரைப்பைக் கிளப்புவதற்கு இப்பூச்சியே முக்கிய காரணமென்பதை 1964-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர் நிலைநாட்டினர். அது கடிப்பதில்லை, அதன் எச்சமே காற்றிற் கலந்து தீங்கு செய்கின்றது. பஞ்சுத் தலையணை, இலவம் பஞ்சு மெத்தை, பழைய ரஜாய், மூட்டையாய்க் கட்டிய துணி ஆகியவை அதன் இருப்பிடம். ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் அது பெருகும்.

கோரைப்பாயில் துவைத்த ஜமுக்காளம் விரித்துப் படுப்பது, நோயுள்ளவருக்குப் பழைய பஞ்சு மெத்தையைவிட நல்லது. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை, கை பொறுக்காத சூடுள்ள, அதாவது சுமார் 60 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் நனைத்துத் துவைக்க வேண்டும். மெத்தையையும் தலையணையையும் கடும் வெயிலில் பல மணி நேரம் காய வைத்து, தெருவில் நோயுள்ளவர் இல்லாத பக்கத்தில் தட்டி எடுக்கலாம். நெருக்கமாய் நெய்த உறையால் தலையணை முழுவதையும் மூடித் தைப்பதும் உண்டு.

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது தூசியைத் தரையிலிருந்து மூக்கிற்கு ஏற்றுவதாகும். தண்ணீர் தெளித்தோ ஈரத் துணியாலோ துடைப்பது முறை. பெருக்குபவரே நோயாளியாயின் வேறொருவர் அவ்வேலையை ஏற்க வேண்டும். வேறு வழியில்லாவிடில் மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்ளலாம். பழந்துணி மூட்டை, பிரம்புக் கூடை, பழைய காகிதம் ஆகியவற்றைப் படுக்கும் அறையினின்றும் அகற்றினாலே பாதி தூசி நீங்கும்.

கரப்பானும் ஈரமும்

கரப்பானின் எச்சமும் அதன் உதிர்ந்த தோலும் இரைப்பைக் கிளப்புவனவற்றில் கொடியவை. மிகுந்த உணவை மூடி வைத்து, இரவில் எச்சில் பாத்திரங்களைக் கழுவி, ஒழுகும் குழாயைச் சரிசெய்து, சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்பாலோ சிமெண்டாலோ அடைத்தால் அவை குறையும். போரிக் பொடியை மாவும் சர்க்கரையும் கலந்து உருட்டி, குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத மூலைகளில் வைக்கலாம். நெடி மிகுந்த மருந்தை அறை முழுவதும் அடிப்பது கரப்பானைக் கொல்லும். ஆனால் அதுவே நோயாளிக்கு இரைப்பையும் உண்டாக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் சுவரிற் பூக்கும் கறுப்புக் காளானைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பது மாத்திரம் போதாது. ஓடு உடைந்திருக்கின்றதா, தளத்தில் வெடிப்பு உண்டா, குளிக்கும் நீர் சுவரோரம் தேங்குகின்றதா என்று பார்த்து மூலத்தை அடைக்க வேண்டும். ஈரத் துணியைப் படுக்கும் அறையில் உலர்த்துதலும் காளானுக்கு இடமாகும்.

வீட்டிற்குள் வரும் தொழில்

இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமாஜினி என்பவர் 1700-ம் வருஷத்தில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தோல் பதனிடுவோரின் நோய்களையும் அதில் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, 'உன் தொழில் என்ன' என்பதையும் வைத்தியர் சேர்த்துக் கேட்க வேண்டுமென்பது அவர் கூறிய முக்கிய போதனை. பேரணாம்பட்டு வாசிகள், வைத்தியர் கேளாவிட்டாலும் தாமே அதனைச் சொல்ல வேண்டும். கராச்சி நகரத்துத் தோல் பதனிடும் சாலைகளில் 641 ஆண் தொழிலாளரைச் சோதித்து 2006-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்குப் 10.8 பேருக்கு ஆஸ்துமா காணப்பட்டது.

தோல் சாலையில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் மூச்சு இலகுவாகி, வேலைக்குத் திரும்பிய அன்று மாலையோ இரவோ இரைப்பு மிகுமாயின், நோய்க்குத் தொழிலே காரணமாயிருக்கலாம். குரோம் உப்பு, சிலவகைச் சாயங்கள், தெளிக்கும் பூச்சுகளிற் சேரும் ஐசோசயனேட் என்னும் பொருள் ஆகியவை புதிதாக ஆஸ்துமாவை உண்டாக்கவும் வல்லவை. அதை ஆரம்பத்திலேயே கண்டு வேலைப் பிரிவை மாற்றிக்கொண்டால் குணப்பட வழியுண்டு. வருஷக்கணக்கிற் பொறுத்துக்கொண்டால் நோய் நிலைத்துவிடக்கூடும். தொழிலால் உண்டாகும் ஆஸ்துமா, நஷ்டஈட்டிற்குரிய தொழில் நோய்களின் ஜாபிதாவில் இந்தியச் சட்டப்படி சேர்ந்ததென்பதையும் அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டும்.

தோலைத் தேய்க்கும் யந்திரத்திலிருந்து பறக்கும் மெல்லிய தூள் தொழிலாளியின் சட்டையிலும் தலைமயிரிலும் தங்கி வீட்டிற்கு வருகின்றது. ஆகையால் வேலைத் துணியைச் சாலையிலேயே மாற்றிக்கொள்வது உத்தமம். அது இயலாவிடில் வீட்டு வாசலிலேயே மாற்றி, கைகால் முகம் கழுவிய பின்னரே குழந்தையை எடுக்க வேண்டும். அத்துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைத்தல் கூடாது.

பீடி சுற்றும் வீடுகளில் தூளைச் சலிப்பதும் முறத்திற் கொட்டுவதும் மிகுந்த தூசியை எழுப்பும். அவ்விரண்டையும் திண்ணையிலோ மரநிழலிலோ, காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி அமர்ந்து செய்ய வேண்டும். மிகுந்த தூளையும் சுற்றிய பீடியையும் மூடியுள்ள டப்பாவில் வைத்து, படுக்கும் அறைக்கும் சமையலறைக்கும் புறம்பே வைத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் அவ்விடத்தை ஈரத் துணியால் துடைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். முறத்தருகே குழந்தையைத் தூங்க வைப்பது தாய்க்குச் சௌகரியமாயினும் குழந்தைக்குக் கேடாகும். செருப்பு வேலையில் சொல்யூஷன் என்னும் ஒட்டுப்பசையை உபயோகிப்போர், டப்பாவை வேண்டும்போது மாத்திரம் திறந்து, வெளியில் வைத்தே ஒட்டுதல் வேண்டும்.

மருந்தை விடலாகாது

வீட்டைச் சுத்தம் செய்தோமென்று மருந்தை நிறுத்துவது பெரும் அபாயம். ஆஸ்துமாவுக்கு இருவிதமான மருந்துகள் உள. உடனே மூச்சைத் திறப்பது ஒன்று. குழலின் வீக்கத்தை அடக்கி வைப்பது மற்றொன்று. பின்னது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து. உபாதை இல்லாத நாளிலும் வைத்தியர் சொன்னபடி அதனைத் தொடர வேண்டும். உடனடி மருந்தை மாத்திரமே நம்பியிருப்பது ஆபத்தென்று அறிந்து, உலகெங்கும் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் குழுவினர் 2019-ம் வருஷம் முதல் அம்முறையைச் சிபார்சு செய்வதில்லை. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்னும் பயம் ஆதாரமற்றது. மருந்து நேரே மூச்சுக்குழலுக்குச் செல்வதால், மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதுமானது. குழந்தைகளுக்கு ஸ்பேசர் என்னும் குழாயைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்து வீணாகாது. பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச இயலாமை, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குதல், உதடும் நகமும் நீலம் பாய்தல், குழந்தை சோர்ந்து மயங்குதல், உடனடி மருந்துக்கும் மூச்சு அடங்காமை ஆகிய இவற்றில் ஏதேனும் தோன்றினால் விடியட்டுமென்று காத்திராமல் 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்கவிடாமல் சாய்ந்து உட்காரவைத்து, உடனடி மருந்தைக் கொடுத்துவரலாம்.

ஒரு வீட்டாரால் ஆகாதது

மேற்கூறியவை யாவும் ஒரு குடும்பம் தானே செய்யத்தக்கவை. ஆனால் காற்றுக்கு வேலி இல்லை. ஒருவர் தம் வீட்டில் எரிவாயு அடுப்பும் கொசுவலையும் வைத்திருந்தும், எதிர்வீட்டார் தோல் துண்டும் பிளாஸ்டிக்கும் எரிப்பாராயின் பிரயோஜனம் என்ன? மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில், மலையடிவாரத்து ஊரில் புகை மேலெழாமல் தெருவிலேயே படிந்து நிற்கும். அப்போது தெரு முழுவதும் ஒரே வீடாகின்றது.

ஸ்பெயின் தேசத்துப் பார்சலோனா நகரத்தில் நடந்தது இதற்குத் தக்க திருஷ்டாந்தம். 1981 முதல் 1987 வரை அந்நகரத்தில் ஒரே நாளில் அநேகருக்கு ஒருங்கே கடும் ஆஸ்துமா கண்டு ஆஸ்பத்திரிகள் நிரம்பும் விபரீதம் 26 தடவை நேர்ந்தது. வைத்தியர் நோயாளிகள் வந்த நாட்களையும் துறைமுகத்துச் சரக்குக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். சோயா மொச்சை இறக்கப்பட்ட நாட்களிலேயே நோய் பரவியமை புலனாயிற்று. வடிகட்டி இல்லாத தானியக் கிடங்கு ஒன்றிலிருந்து வெளிவந்த தூளே காரணம். கிடங்கிற்கு வடிகட்டிகள் பொருத்தியபின் அவ்விபரீதம் நின்றது. நகரத்தார் ஒவ்வொருவரும் தத்தம் ஜன்னலைச் சாத்திக்கொண்டதால் அது நிற்கவில்லை. காரணத்தைக் கணக்கால் கண்டு, அது பிறந்த இடத்திலேயே அடைத்ததால் நின்றது.

இப்பிரதேசத்தாருக்கும் கூடிச்செய்தலின் பலன் புதிதன்று. தோல் கழிவுநீரால் பாலாறு கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார் 1991-ம் வருஷத்தில் தாக்கல் செய்த மனுவின்மீது, சுப்ரீம் கோர்ட்டார் 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி தீர்ப்புக் கூறினர். மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டுமென்னும் தத்துவத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டி, ஒவ்வொரு தோல் சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தனித்தனியே நின்று முறையிட்டவர்களால் ஆகாத காரியம் அது.

கூட்டுறவு இயக்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வங்காளத்தில் கோபால் சந்திர சட்டர்ஜி என்னும் வைத்தியர், மலேரியாவை ஒழிப்பதற்கென்றே கிராமங்களிற் கூட்டுறவுச் சங்கங்களை ஸ்தாபித்தார். அங்கத்தினர் சிறு சந்தா கொடுத்து, தத்தம் கிராமத்துக் குட்டைகளைத் தூர்த்தும் மண்ணெண்ணெய் தெளித்தும் கொசுவைக் குறைத்தனர். தன் வீட்டுக் குட்டையை மாத்திரம் தூர்ப்பவன் அடுத்த வீட்டுக் கொசுவினின்றும் தப்பமாட்டான் என்பதே அச்சங்கங்களின் அஸ்திவாரம். புகைக்கும் அதுவே நியாயம்.

சங்கம் செய்யத்தக்கவை

பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஆலோசிப்பதற்காகச் சில காரியங்கள் கீழே தரப்படுகின்றன.

1. தோல் துண்டு, ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றை அடுப்பிலோ தெருவிலோ எரிப்பதில்லை என்று அங்கத்தினர் யாவரும் கையெழுத்திட்டுத் தீர்மானித்தல். போகிப் பண்டிகையன்று பழம்பொருள்களை எரிப்பதற்குப் பதிலாகச் சேர்த்து நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒப்புவித்தல்.

2. தோல் கழிவைத் தெருவோரம் கொட்டுவதோ எரிப்பதோ கண்டால், நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து, பலர் கையெழுத்துடன் நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் மனு அனுப்புதல்.

3. உபவிதிகள் இடங்கொடுக்குமளவில், எரிவாயு அடுப்பு, புகைபோக்கி, ஜன்னல், கூரைப் பழுது ஆகியவற்றிற்குச் சிறு கடன் வழங்குதல். நோய் வந்தபின் நகையீட்டின்மேல் வாங்கும் கடனைவிட, நோய் வாராமல் வாங்கும் சிறு கடன் திரும்பி வருவது எளிது.

4. கொசுவலைகளையும் தலையணை உறைத் துணியையும் மொத்த விலைக்கு வாங்கி அங்கத்தினருக்கு அடக்க விலைக்குக் கொடுத்தல்.

5. பீடி சுற்றும் ஸ்திரீகள் பகலில் கூடி வேலை செய்வதற்குக் காற்றோட்டமுள்ள பொதுத் திண்ணை அல்லது கொட்டகை ஒன்றை ஏற்படுத்துதல்.

6. ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரை வருஷத்தில் இரண்டு முறை அழைத்து, இரைப்புள்ளவர்களின் நோய்ச் சிட்டாக்களைப் பார்வையிடச் செய்தல்.

இவற்றுள் பெரும் பொருட்செலவு வேண்டுபவை சிலவே. தோல் துண்டு எரிக்காமலிருப்பதற்கும், முறத்தைத் திண்ணைக்கு மாற்றுவதற்கும், ஈரத் துணியால் தரை துடைப்பதற்கும் செலவு இல்லை. எந்த அங்கத்தினர் வீட்டில் இரைப்புள்ளவர் உண்டோ அவர் இன்றிரவே சிட்டாவின் முதல் வரியை எழுதத் தொடங்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்திற்கு அவரவர் நோட்டைக் கொண்டுவந்தால், எத்தெருவில் எம்மாதத்தில் எதனால் இரைப்பு மிகுகின்றதென்பதைச் சங்கம் தானே அறிந்துகொண்டு, முதலில் எதைச் செய்வதென்று தீர்மானிக்கலாம்.